இருபத்தோராம் நாள்

பிறக்கும்போது எல்லாவற்றுக்கும் நேர்க்காதுதான்.
பிரிட்ஜ் வந்த பெட்டிக்குள்
என் பழைய வீட்டுச் சட்டையின் மேல்
ஐந்தும் கண் திறவாமல் பால் குடித்தன.
மூன்று கிழமை பொறுங்கோ,
மடிஞ்சால் காசு, மடியாட்டில் பூனை
என்றிருந்தார் கொழும்பில் சோடியை விற்ற மனுஷன்.

பதினெட்டாம் நாள் சாம்பல்நிறத்தின் வலக்காது சோர்ந்தது.
இருபதாம் நாள் இடக்காது.
அடுத்த நாள் விடிய
மூன்றின் காதுகள் முன்னால் விழுந்திருந்தன,
கடித உறையின் நாக்கை ஒட்டினாற்போல.

கரண்ட் பில்லின் பின்பக்கம் எழுதினேன்:
நுனி மட்டும் சாய்ந்தது ஒற்றை மடிப்பு, முப்பத்தையாயிரம்.
பாதிக் காது கவிழ்ந்தது இரட்டை, ஐம்பத்தையாயிரம்.
மண்டையோடு படிந்து
காது இருக்கிற இடமே தெரியாமல்
ஆந்தைக் குஞ்சாய் முழிப்பது மூன்று மடிப்பு,
ஒரு லட்சத்துக்குக் குறையாது.
நீள மயிர் என்றால் மேலே பத்து.
நேர்க்காது
என்று எழுதிக் கோடு போட்டேன்.
விலை வரவில்லை.

தோஹாவிலிருந்து அவர் கேட்டார்,
"மூன்று மடிப்பு எத்தனை?"
ஒன்று என்றேன்.
லைன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது.

நிலாவெளியில் ஹோட்டல் நடத்தும் ரொமேஷ்காந்தன்
சப்பாத்தோடு உள்ளே வந்தார்.
மகள் போய்த் தூக்கியது நேர்க்காதை.
"அது சும்மா பூனை, வை."
அவர் கையில் இருந்ததும் அதுவும்
ஒரே வயிறு, ஒரே இரவு.
நான் காசை எண்ணிக்கொண்டிருந்தேன்.

தகப்பன் பூனைக்குக் கொமடோர் என்று பெயர்.
கதிரையில் ஏறுவதை விட்டு ஒரு மாதம்.
கொழுப்பு என்றுதான் நினைத்தேன்.
ஓட்டோவில் வைத்து உவர்மலைக்குக் கொண்டுபோனால்
கோட்டைச் சந்தியில் மான்கள் மறித்து நின்றன,
பொலித்தீன் மென்றபடி.
ஹோனுக்கு உடம்பை அசைக்கவில்லை;
ஒரு காதை முன்னுக்கும் ஒன்றைப் பின்னுக்கும் திருப்பி
எங்களைக் கேட்டுவிட்டு
மறுபடி மென்றன.

டொக்டர் அனுஷியந்தினி வாலைப் பிடித்து
மெல்ல வளைக்கப் பார்த்தா.
முருங்கைக்காய்.
"இந்த விறைப்பை என்ன எண்டு நினைச்சீங்கள்?"
பெருமை எண்டு.

எக்ஸ்ரேயை ஜன்னலுக்கு நேரே தூக்கினா.
பின்காலின் கணுவில்
புறாத்தீவில் மிதிபட்டு வெளுத்துக் கிடக்கும்
முருகைக்கல் மாதிரி ஏதோ.
"காதை மடிக்கிறது எதுவோ அதுதான் இதுவும்.
காதோட நில் எண்டு அதுக்கு ஆர் சொன்னது?"
பிறகு கேட்டா, "தாயும் மடிப்போ?"
ஓம் என்றேன்.
பேனையை மூடி வைத்தா.

"காது கேட்குமா டொக்டர்?"
"நல்லாக் கேட்கும்."

ஹோட்டல்காரரின் அட்வான்ஸ்
அரிசியாய், மாவாய், வட்டியாய்ப் போயிருந்தது.
வர வேண்டாம் என்று சொல்ல மூன்று தரம் போனை எடுத்தேன்.
சனிக்கிழமை வந்தார்.
ஊசிக் கொப்பிக்குள் ஒரு துண்டு வைத்தேன்:
உயரத்திலிருந்து குதிக்க விடாதீர்கள்.
வாசித்தாரோ தெரியாது.

ஒற்றை கொழும்புக்குப் போனது. இரட்டை இன்னும் இருக்கிறது,
வெள்ளைக்காரன் மாதிரி
காலை நீட்டிப் பிட்டத்தில் இருக்கும்.
எல்லாரும் படம் எடுப்பார்கள்.
அப்படி இருந்தால்தான் வலி குறைவாம்,
அதையும் டொக்டர்தான் சொன்னா.
நேர்க்காதில் ஒன்றை மீன்கார சலாமியா கேட்டாள், கொடுத்தேன்.
மற்றதற்குப் பெயர் வைக்கவில்லை.
கூப்பிட முதல் வந்துவிடுகிறது.

நேற்றுப் பொழுதுபட மதிலில் நின்றது.
ஒழுங்கைக்குள் ஒரு பெட்டை மான்
என் வாழைத்தோல் வாளிக்குத் தலை குனிந்தபடி.
இரண்டின் காதுகளும் ஒரே நேரம் தெற்குப் பக்கம் திரும்பின.
நானும் பார்த்தேன். ஒன்றும் இல்லை.
உடுப்புக் கொடி, தண்ணீர்த் தாங்கி, இருட்டு.

பானையில் சோறு வடித்து
மூடியைக் கழுவி வைத்த பிறகுதான்
எனக்குக் கேட்டது,
கொழும்பு ரயில்.